குஞ்சு வாங்கும் முன் ஓர் அடைக்கோழி

தை பிறந்தால் எங்கள் கொங்குப் பக்கத்தில் நிறையப் பேருக்குக் கோழிக்குஞ்சு எடுக்கும் யோசனை வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை ஈரமெல்லாம் போய்த் தரை நன்றாகக் காய்ந்திருக்கும். களத்தில் சிந்திய தவசம் கிடக்கும். பனியும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரும். கழிச்சல் நோய் கொண்டுவரும் கோடைக்குள் குஞ்சு ஓரளவு தேறிவிடும். குஞ்சு எடுக்கத் தை, மாசியைவிட நல்ல பருவம் இல்லை என்றுதான் நானும் சொல்வேன்.

"தோட்டத்துல அஞ்சாறு கோழி மேயுதுங்க. இன்னொரு இருபத்தஞ்சு குஞ்சு கொண்டாந்து விட்டுடலாமுங்களா?" என்று தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். விடலாம், தாராளமாக. ஆனால் காலி இடத்தில் புதிதாகக் கோழி வளர்க்கத் தொடங்குவது வேறு, ஏற்கெனவே கோழிகள் ஆண்டுகொண்டிருக்கும் தோட்டத்தில் குஞ்சுகளைச் சேர்ப்பது வேறு. பெரிய கோழிகள் நோயைத் தாங்கிப் பழகியவை. அவற்றின் உடம்பில் சும்மா கிடக்கும் கிருமி குஞ்சுக்கு எமன். இது போதாதென்று, அவற்றுக்குள் யார் பெரியவர், யார் சிறியவர் என்ற கணக்கும் முடிந்துபோயிருக்கும். புதிதாக வருகிற எதையும் கொத்தித்தான் வரவேற்கும். குஞ்சு வாங்கக் காசும் அட்டைப் பெட்டியும் போதும். முதல் மூன்று மாதம் அவற்றை எங்கே, யாரிடம் வைத்து வளர்ப்பது என்பதை முடிவு செய்துவிட்டுத்தான் காசை எடுக்க வேண்டும்.

எந்தக் குஞ்சு என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் திறந்துவிட்டு வளர்க்கச் சிறுவிடை போல வராது. எடை குறைவுதான். ஆனால் ஓடித் தப்பிக்கும், மரத்தில் ஏறி அடையும், தானே இரை தேடும், அடை காக்கும். முட்டை அதிகம் வேண்டும் என்பவர்கள் கிராமப்பிரியா, வனராஜா, நம் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழி போன்ற மேம்படுத்திய இனங்களை எடுக்கிறார்கள். அதில் தவறில்லை. கடக்நாத்துக்கு 2018இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அதன் மீதும் பலருக்கு மோகம் வந்தது. ஆனால் மேம்படுத்திய இனங்களில் அடைக்கு உட்காரும் குணம் குறைத்துத்தான் எடுத்திருப்பார்கள், அடை உட்கார்ந்த கோழி முட்டை இடாதே. வெள்ளை லெகார்னில் அந்தக் குணம் கிட்டத்தட்ட அற்றே போய்விட்டது. ஆகவே எந்த இனம் வாங்கினாலும், தோட்டத்தில் நாட்டுப் பெட்டை ஒன்றிரண்டு கட்டாயம் இருக்கட்டும்.

சைக்கிளிலும் வண்டியிலும் பச்சை, ரோஸ் சாயம் பூசி விற்கிற குஞ்சுகளைத் தயவுசெய்து வாங்காதீர்கள். முட்டைப் பண்ணைகளுக்குக் குஞ்சு பொரிக்கும் இடங்களில் வேண்டாம் என்று ஒதுக்கும் சேவல் குஞ்சுகள்தான் அவற்றில் பெரும்பாலானவை. முட்டையும் கிடையாது, கறியும் பிடிக்காது. தடுப்பூசி போட்டிருக்க வாய்ப்பே இல்லை. வெயிலில் வாடி, தண்ணீர் காணாமல் தெருத்தெருவாகச் சுற்றி வருகிறவை. குழந்தைகள் கேட்கிறார்கள் என்று அதில் நான்கை வாங்கி வந்து பழைய கோழிகளோடு விட்டால், நோயை வீட்டுக்கு அழைத்து வந்த கதைதான்.

இனி அடைக்கோழிக்கு வருகிறேன். நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதைத்தான்.

அடை கேட்கும் கோழியைப் பார்த்ததுமே தெரியும். முட்டை எடுத்த பிறகும் கூட்டை விட்டு எழாது. கையை நீட்டினால் உடம்பு முழுக்க இறகை விரித்து இருமடங்காகிக் குர்ரென்று உறுமும். நாளைக்கு ஒரு முறை இறங்கி வந்து அவசரமாகத் தின்று, தண்ணீர் குடித்து, பெரிதாக எச்சமிட்டுவிட்டுத் திரும்பவும் ஓடிப்போய் உட்காரும். வயிற்றுப் பக்கம் இறகு உதிர்ந்து தோல் வெறுமையாக இருக்கும், தொட்டால் கொதிக்கும். முட்டைக்கும் குஞ்சுக்கும் அந்தத் தோலின் சூடு நேராகப் போய்ச் சேருவதற்காகத்தான் அப்படி. எந்த மின்விளக்கும் அந்தச் சூட்டைச் சரிக்குச் சரி தராது.

வெளியில் வாங்கிய குஞ்சுகளை இந்தக் கோழியே வளர்க்கும். அதற்கு நாம் அதை நம்பவைக்க வேண்டும். என் அம்மாயிக்கு இது கை வந்த வேலை. கோழி உட்கார்ந்து இரண்டு, மூன்று வாரம் ஆகியிருக்க வேண்டும் என்பார். உட்கார்ந்த மறுநாளே குஞ்சைக் கொண்டுபோய் வைத்தால் அது நம்பாது. 21 நாளில் பொரிக்கும் என்பது அதன் உடம்புக்குத் தெரியும். குஞ்சும் பொரித்து ஓரிரு நாளுக்குள் இருக்க வேண்டும். மூன்று நாளுக்கு மேல் ஆன குஞ்சு, கோழியைத் தாய் என்று எடுத்துக்கொள்ளாமல் விலகி ஓடும். பிறந்ததும் கண்ணில் படுவதையும் காதில் விழும் குரலையும் தாயாகப் பிடித்துக்கொள்ளும் அந்தப் பருவம் அவ்வளவு சீக்கிரம் கடந்துவிடும்.

"ராத்திரி வெச்சாத்தான் சாமி ஏத்துக்கும். பகல்ல வெச்சா மூஞ்சியப் பாத்துக் கொத்திப்போடும்" என்பது அம்மாயி சொல். இருட்டியதும் குஞ்சுகளை முந்தானையில் அணைத்துக்கொண்டு போவார். விளக்குக் கிடையாது. ஒரு கையைக் கோழியின் வயிற்றுக்கு அடியில் மெதுவாக விட்டு, கூமுட்டைகளை ஒவ்வொன்றாக உருட்டி எடுப்பார். மறு கையால் குஞ்சை இறகின் ஓரமாக உள்ளே தள்ளுவார். முதல் குஞ்சு உள்ளே போய்க் கீச்சிட்டதும் கோழியின் குரல் மாறும். உறுமல் போய், தொண்டைக்குள்ளேயே கொக்… கொக்… என்று தணிந்த ஒரு குரல் வரும். அந்தக் குரல் வந்துவிட்டால் ஏற்றுக்கொண்டது என்று பொருள். அதன் பிறகுதான் அடுத்த குஞ்சு. சிறுவிடைக்குப் பத்து, பன்னிரண்டு குஞ்சுக்கு மேல் வைக்கக் கூடாது, இறகுக்குள் அடங்காமல் வெளியே நிற்பது குளிரில் செத்துப்போகும்.

விடியும் முன்பே போய்ப் பார்ப்பது முக்கியம். குஞ்சுகளின் நிறம் வேறாக இருந்தால் வெளிச்சத்தில் பார்த்துச் சில கோழிகள் கொத்தும். ஒன்றிரண்டு நாள் மங்கலான இடத்தில், பஞ்சாரத்துக்குள்ளேயே வைத்துத் தீனியும் தண்ணீரும் கொடுத்தால் பழகிவிடும். இதற்கெல்லாம் முன்பே கோழிக்குச் செள்ளு இருக்கிறதா என்று இறக்கையின் அடியில் விலக்கிப் பாருங்கள். அடைக் கூட்டில் செள்ளு ஏறிவிட்டால் குஞ்சின் இரத்தத்தை உறிஞ்சியே கொன்றுவிடும். கூட்டில் வேப்பிலையும் சாம்பலும் வசம்புத் தூளும் போட்டு வைப்பது நம் வீடுகளில் தொன்றுதொட்டு வரும் வழக்கம், அதை விட வேண்டாம்.

தாயோடு வளரும் குஞ்சுக்கு நாம் சொல்லித்தர எதுவும் இல்லை. எதைத் தின்பது, எதை விடுவது, எங்கே மண்ணில் புரள்வது எல்லாம் கோழியே காட்டும். வானத்தில் வல்லூறு நிழல் பட்டதும் ஒரு குரல் கொடுக்கும் பாருங்கள், மொத்தக் குஞ்சும் மாயமாய் மறையும். அதைவிட நமக்குப் பெரிய லாபம், பழைய கோழிகளிடமிருந்து அது குஞ்சுகளைக் காப்பாற்றும். கூட்டத்தில் கடைசியில் நிற்கும் சாதுவான பெட்டைகூடக் குஞ்சோடு இருக்கும்போது சேவலையே விரட்டும். இரண்டு, மூன்று மாதத்தில் அது குஞ்சுகளை விட்டு விலகும்போது, பெரிய கோழிகளுக்கு அவை ஏற்கெனவே பழகிய முகங்களாகியிருக்கும்.

அடைக்கோழி கிடைக்காதபோது, அல்லது குஞ்சு ஐம்பது, நூறு என்று போகும்போது, பல்புதான் தாய். இதில் அதிகம் விளக்கத் தேவையில்லை, சில விஷயங்கள் மட்டும். குண்டு பல்பு வேண்டும். எல்இடி வெளிச்சம் தரும், சூடு தராது. முதல் வாரம் குஞ்சு நிற்கும் இடத்தில் 95 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு இருக்க வேண்டும், பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். வெப்பமானி இல்லாவிட்டாலும் குஞ்சே சொல்லும். பல்புக்கு அடியில் ஒன்றன் மேல் ஒன்று நெருக்கி நின்றால் குளிர்கிறது. ஓரத்துக்குப் போய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவலாகப் படுத்தும் மேய்ந்தும் இருந்தால் சரி. தடுப்பு வட்டமாக இருக்கட்டும். மூலை இருந்தால் அதில் குவிந்து நசுங்கிச் சாகும். தரையில் உமி பரப்பி, முதல் இரண்டு மூன்று நாள் மேலே சாக்கு விரியுங்கள். வெறும் உமியைத் தீனி என்று நினைத்துத் தின்றுவிடும், வழவழப்பான தாளில் நின்றால் கால் அகன்றுகொள்ளும். கரண்ட் போகும் ஊராக இருந்தால் மாற்று ஏற்பாட்டை முதல் நாளே யோசித்துவிடுங்கள். கரிக் கங்கு வைக்கிறவர்கள் காற்றுப் போக வழி விட வேண்டும், மூடிய அறையில் கங்கின் நச்சுக்காற்று குஞ்சையும் கொல்லும், காவல் இருக்கும் மனிதரையும் கொல்லும்.

தீனியில் ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பழைய கோழியும் புதுக் குஞ்சும் ஒரே தோட்டத்தில் இருக்கும்போதுதான் இது வருகிறது. முட்டைக் கோழித் தீவனத்தில் ஓடு கெட்டியாவதற்காகச் சுண்ணாம்புச் சத்து நூற்றுக்கு மூன்று, நான்கு பங்கு இருக்கும். குஞ்சுக்குத் தேவை ஒரு பங்கு அளவுதான். வளரும் குஞ்சு முட்டைத் தீவனத்தை நாளெல்லாம் தின்றால் சிறுநீரகம் கெட்டுப்போகும். எல்லாம் கலந்து மேய்கிற இடத்தில் எல்லாவற்றுக்கும் வளர்கோழித் தீவனமே போட்டுவிட்டு, சிப்பித் தூளையோ கிளிஞ்சலையோ தனியாக ஒரு சட்டியில் வையுங்கள். முட்டையிடும் கோழி தேவைக்கு அதில் போய்க் கொத்திக்கொள்ளும். இளங்குஞ்சுக்குப் புரதம் நூற்றுக்கு இருபது பங்காவது வேண்டும், குருணையும் கம்பும் மட்டும் போட்டால் இறகு முளைக்கத் திணறும். அதற்கு நம் ஊரில் அருமையான வழி இருக்கிறது. பழைய பானையில் காய்ந்த சாணமும் கிழிந்த சாக்கும் ஓலையும் போட்டு, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் காலையில் பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும். அதைக் குஞ்சுகளுக்கு நடுவில் தட்டிவிடும்போது அவை ஓடி வருவதைப் பார்க்கவே ஒரு நாள் தோட்டத்துக்கு வரலாம்.

அடுத்தது தடுப்பூசி. இதில் நான் யாரோடும் சமரசம் பேசுவதில்லை.

நாட்டுக்கோழிக்கு நோய் வராது என்று சொல்பவர்கள், வெள்ளைக் கழிச்சல் வந்து ஒரே வாரத்தில் தோட்டம் காலியானதைப் பார்க்காதவர்கள். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கழுத்து முறுக்கிக்கொள்ளும், கால் இழுத்துக்கொள்ளும். ராணிக்கெட் என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த நச்சுயிரி நோய்க்கு வந்த பிறகு மருந்து இல்லை. சின்ன வெங்காயமும் மஞ்சளும் சீரகமும் மிளகும் கீழாநெல்லியும் அரைத்துக் கொடுப்பதை நானும் செய்கிறேன், கோழிக்குத் தெம்பு தரும். ஆனால் அது தடுப்பூசிக்குப் பதில் ஆகாது. குஞ்சுக்கு ஏழு நாள் ஆகும்போது லசோட்டா சொட்டு மருந்தைக் கண்ணில் அல்லது மூக்கில் ஒரு சொட்டு விட வேண்டும். மூன்று, நான்கு வாரத்தில் இன்னொரு முறை. எட்டு வாரத்தில் இறக்கையில் ஊசி. எட்டு வார ஊசி வீரியம் கூடியது, அதை இளங்குஞ்சுக்குப் போடக் கூடாது. முகாம் நடக்கிறதே என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் கொண்டுபோகாமல், எந்தக் குஞ்சுக்கு எத்தனை வாரம் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மருந்துப் புட்டியைப் பனிக்கட்டியில் வைத்துத்தான் கொண்டுவர வேண்டும். கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். ஒரு புட்டி நூறு குஞ்சுக்கு வரும். உங்களிடம் இருபதுதான் இருக்கும். அதனால்தான் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களைச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன். எங்கள் வளவில் நான்கைந்து வீட்டுக்காரர்கள் ஒரே வாரத்தில் குஞ்சு எடுக்கிறோம், ஒரே நாளில் சொட்டு மருந்து விடுகிறோம். பக்கத்துத் தோட்டத்துக் கோழிக்கு நோய் வந்தால் நம் வேலி அதைத் தடுக்கப்போவதில்லை. தண்ணீரில் கலந்து கொடுக்கிறவர்கள் குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரை எடுக்காதீர்கள், மருந்து செத்துப்போகும்.

சிலர் குஞ்சை எடுப்பதற்குப் பதில் சந்தையில் வெடைக்கோழியாகவே வாங்கி வருவார்கள். குஞ்சு வளர்க்கும் பாடு இல்லை, சீக்கிரம் முட்டைக்கு வரும் என்ற கணக்கு. கணக்கு சரிதான், ஆனால் ஓர் ஊரில் கழிச்சல் தலைகாட்டியதும், செத்து நட்டமாவதற்குள் விற்றுவிடலாம் என்று கோழிகளைச் சந்தைக்கு ஏற்றுகிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. விலை குறைவாக வருகிற கோழி பல சமயம் அப்படி வந்ததுதான். சளி பிடித்துத் தேறிய கோழியும் பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆனால் அது சாகும்வரை கிருமி அதன் உடம்பில் தங்கியிருக்கலாம். எனவே வாங்கி வந்ததை மூன்று வாரமாவது தோட்டத்தின் மறுகோடியில் தனியாக அடையுங்கள். அதுவரை நம் கோழிகளைக் கவனித்த பிறகுதான் அவற்றிடம் போக வேண்டும். குஞ்சுகளோ வேறு கணக்கு. முதலில் குஞ்சு, அப்புறம்தான் பெரிய கோழி. பெரிய கோழிகள் அடையும் இடத்து எச்சத்தை மிதித்த காலோடு குஞ்சுக் கூண்டுக்குள் நுழைந்தால் இரத்தக் கழிச்சலை நாமே கொண்டுபோய்க் கொடுத்ததாகும். ஈர உமி இருந்தால் அது இன்னும் வேகமாகப் பரவும். உமி கையில் பிடித்தால் உதிர வேண்டும். கட்டியாக நின்றால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

இப்போது பல்பில் வளர்ந்த குஞ்சுகளைப் பழைய கூட்டத்தோடு எப்போது சேர்ப்பது? எட்டு வாரத்துக்கு முன்னால் வேண்டாம், பன்னிரண்டு வாரம் ஆகிவிட்டால் இன்னும் நல்லது. தோர்லீஃப் ஷெல்டெருப் எபே என்ற நார்வேக்காரர் சிறு வயதிலிருந்தே கோழிகளைக் கவனித்து, எந்தக் கோழி எதைக் கொத்தலாம் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு வரிசை இருப்பதை 1920களின் தொடக்கத்தில் எழுதினார். உலகம் அதை ஆராய்ச்சியாக ஏற்றுக்கொண்டது. நம் பெண்கள் இதைத் தினமும் வாசலில் பார்த்தவர்கள்தான். புதியவை வந்தால் அந்த வரிசை கலைந்து மறுபடி அமைய வேண்டும். அதுவரை கொத்து விழும். கொஞ்சம் கொத்துவதை நாம் தடுக்க வேண்டியதில்லை, இரத்தம் வருவதைத்தான் தடுக்க வேண்டும். சிவப்பைக் கண்டால் எல்லாக் கோழியும் அதே இடத்தில் கொத்தும். காயம் பட்டதை அந்த நிமிடமே எடுத்துத் தனியே விட்டு, மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவுங்கள்.

சேர்ப்பதற்கு முன் இரண்டு வாரம் நடுவில் வலை மட்டும் இருக்கட்டும். இவை அவற்றைப் பார்க்கும், அவை இவற்றைப் பார்க்கும், அலகு எட்டாது. வலைக்கு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தீனி வையுங்கள், அருகருகே நின்று தின்று பழகும். பிறகு ஒருநாள் சாயங்காலம், மேய்ச்சல் முடிந்து அடையப் போகும் நேரத்துக்குச் சற்று முன் திறந்துவிடுங்கள். சண்டை முற்றுவதற்குள் இருட்டிவிடும். ஒன்றை மட்டும் தனியாக விடவே கூடாது, மொத்தக் கொத்தும் அதன் தலையில் விழும். தீனித் தட்டும் தண்ணீரும் மூன்று நான்கு இடத்தில் இருக்கட்டும். ஓடி ஒளிய விறகுக் குவியலோ சாய்த்து வைத்த ஓலையோ வேண்டும். பஞ்சாரத்தைச் செங்கல் வைத்துச் சற்றே தூக்கி நிறுத்தினால், அந்த இடுக்கில் சிறியவை நுழையும், பெரியவை நுழைய முடியாது. உள்ளே குஞ்சுத் தீனி வைத்துவிட்டால் நிம்மதியாகத் தின்று வரும். காக்காய் வந்தாலும் அவை ஒதுங்கும் இடம் அதுவே. இரவில் மட்டும் கீரியும் மரநாயும் நுழைய முடியாத கூண்டில் அடைத்துவிட வேண்டும், வலையின் அடிப்பகுதியைத் தரைக்குள் ஒரு அடி புதைத்தால் தோண்டி வர முடியாது.

ஆணும் பெண்ணும் பிரிக்காமல் வாங்கிய குஞ்சில் ஏறக்குறையப் பாதி சேவலாகத்தான் நிற்கும். எட்டு, பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். மீதியைச் சண்டை தொடங்கும் பருவத்துக்கு முன்பே பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் வெடைக்கோழிகளின் முதுகில் இறகு மிஞ்சாது.

இந்தத் தையில் குஞ்சு எடுக்க நினைத்திருக்கிறீர்கள் என்றால், முதலில் உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்துக்குப் போய்க் கழிச்சல் தடுப்பூசி எந்தக் கிழமை போடுகிறார்கள் என்று கேட்டு வாருங்கள். பல ஊர்களில் சனிக்கிழமை, அதுவும் இலவசம். பிப்ரவரியில் இரண்டு வார முகாமும் நடப்பது வழக்கம். அக்கம்பக்கத்தில் இரண்டு வீட்டாரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களில் யார் வீட்டிலாவது ஒரு கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் அது எழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அதன் நாளைக் கணக்குப் பண்ணிக் குஞ்சுக்குச் சொல்லி வையுங்கள்.